எனக்கெல்லாம் சீனி வராது மிஸ்

போன செமஸ்டரில் ஒரு நாள் பாடம் வேளைக்கே முடிந்துவிட்டது. வெளியே கொட்டும் மழை, ஹந்தானை மலை இருக்கும் இடமே தெரியவில்லை. பிள்ளைகள் யாரும் எழும்பவில்லை. சும்மா இருப்பானேன் என்று ஒரு கேள்வி கேட்டேன். "இந்த வகுப்பில் இருக்கிற மற்றவர்களோடு ஒப்பிட்டால், பிற்காலத்தில் உங்களுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வருகிற வாய்ப்புக் கூடவா, குறைவா, சமமா? கையைத் தூக்குங்கள்."

"குறைவு" என்றதும் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. "சமம்" என்றதற்குச் சில கைகள். "கூட" என்றதற்குக் கடைசி வாங்கில் இருந்த பொகவந்தலாவைப் பிள்ளை மட்டும், முழங்கையை மேசையில் ஊன்றியபடியே ஒரு விரலை உயர்த்தினாள். முன்வரிசையில் இருந்த பதுளைத் தம்பி திரும்பி அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எனக்கெல்லாம் சீனி வராது மிஸ். நான் பிளேன்டிக்கே சீனி போடுறதில்ல."

வகுப்பு சிரித்தது. எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலமெல்லாம் இதையேதான் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மலையேறுற ஒடம்புக்கு என்னா வரப்போகுது புள்ள?" வேலையிலிருந்து நின்று நாலு வருஷம் கழித்து, கண்ணுக்குக் கண்ணாடி எடுக்கப் போன இடத்தில்தான் அவருக்குச் சீனி இருப்பது தெரியவந்தது.

அந்தக் கைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மலையில் கொழுந்து எடுக்கிற எல்லோருமே சராசரியைவிடக் குறைவாக எடுக்க முடியுமா? முடியாது. அதுபோல ஒரு வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு "மற்றவர்களைவிடக் குறைந்த" வாய்ப்பு இருப்பதும் பொதுவாக நடக்காத காரியம். ஆனால் மனிதர்கள் எங்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நீல் வைன்ஸ்டைன் என்ற உளவியலாளர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 250க்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்களிடம் 42 வாழ்க்கைச் சம்பவங்களைப் பற்றி இதே மாதிரியான கேள்வியைக் கேட்டிருந்தார். நல்லது எனக்கு மற்றவர்களைவிடக் கூட நடக்கும், கெட்டது குறையத்தான் நடக்கும் என்பதுதான் மொத்தத்தில் வந்த பதில்.

ஒரு நோய் எனக்கு வரும், வராது என்று நாம் உள்ளுக்குள் போட்டு வைத்திருக்கும் மதிப்பீட்டை ஆய்வாளர்கள் அபாய உணர்வு என்பார்கள். நான் அதை மனக்கணக்கு என்று சொல்கிறேன், ஏனென்றால் அது கணக்குத்தான். எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதில்தான் பிழை வருகிறது. இந்த மனக்கணக்கை அளப்பதற்கென்றே கேள்விக்கொத்துகள் உண்டு. நீரிழிவுக்காக எலிசபெத் வோக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கேள்விக்கொத்து, "வருமா" என்பதோடு நிற்பதில்லை. எவ்வளவு கவலைப்படுகிறீர்கள், வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா, மற்றவர்களைவிட உங்களுக்குக் குறைவு என்று நம்புகிறீர்களா என்றெல்லாம் தனித்தனியாகக் கேட்கும். "உங்கள் கையில் இருக்கிறதா" என்ற கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வாங்குப் பிள்ளையிடம் வரும்போது அது தேவைப்படும்.

முதலில் நோய். இங்கே பேசுவது இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றி. இன்சுலின் சுரப்பது அனேகமாக முற்றாக நின்றுபோகும் முதலாம் வகை வேறு; அது பலருக்குச் சிறு வயதிலேயே வரும்.

நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை, நாங்கள் ஸ்டோர் என்று சொல்வதை, நினைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து லொறியில் கொழுந்து வருகிறது. நிறுத்து, கதவைத் திறந்து, உள்ளே எடுத்துப் போட ஆட்கள் இருக்கிறார்கள். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் குளுக்கோஸாகி இரத்தத்தில் வருவது அந்தக் கொழுந்து. தசை, ஈரல், கொழுப்பு எல்லாம் ஸ்டோர். உள்ளே எடுத்துப் போடும் ஆட்கள்தான் கணையம் அனுப்புகிற இன்சுலின். ஸ்டோர் மந்தமாகிவிட்டால், அதாவது உடல் இன்சுலினின் சொல்லைக் கேட்பது குறைந்துவிட்டால், கொழுந்து வாசலில் தேங்கும். உடனே கணையம் இன்னும் ஆட்களை அனுப்பிச் சமாளிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக நடப்பது போலவே தெரியும். வருஷக்கணக்காக இப்படி ஓடலாம். ஆட்கள் களைத்து, அனுப்ப ஆளில்லாமல் போகும்போதுதான் வாசலில் கொழுந்து குவிகிறது. அதைத்தான் இரத்தப் பரிசோதனையில் "சீனி கூடியிருக்கு" என்று காண்கிறோம்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 126 அல்லது அதற்கு மேல், இன்னொரு பரிசோதனையிலும் உறுதியானால், நீரிழிவு. இடைப்பட்டதை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த நிலையை 110இலிருந்துதான் கணக்கிடுகிறது. இந்த இடைப்பட்ட நிலையில் பொதுவாக எந்த அறிகுறியும் கிடையாது. தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு எல்லாம் பிறகு வருபவை.

இனி மனக்கணக்குக்கு வருவோம். அந்தத் தம்பி கரண்டியை வைத்துக் கணக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாம் நோய்க்கு வைத்திருக்கும் பெயரே அப்படி. சீனி வருத்தம் என்று சொன்னால் சீனி தின்பவருக்கு வரும் வருத்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவருடைய ஒரு நாளைப் பாருங்கள், அவரே சொன்னது: காலையில் கென்டீனில் இரண்டு பராட்டா, பகல் மலைபோலச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும், பின்னேரம் ஒரு சோடா, இரவு கொத்து. பிளேன்டியில் மிச்சம் பிடித்த இரண்டு கரண்டி எங்கே, இது எங்கே? கோதுமை மாவும் சோறும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் போகின்றன. அந்தச் சோடாப் போத்தலில் ஒரு வட்டம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 2016 ஓகஸ்டிலிருந்து நம் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிளேன்டிக்குச் சீனி வேண்டாம் என்ற தம்பி அந்தச் சிவப்பு வட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

வேறு பலர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். "நான் ஒல்லிதானே மிஸ்." இதற்கு எனக்குப் பிடித்த பதில் இரண்டு மருத்துவர்களின் படம். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜோன் யட்கினும் 2004இல் தங்கள் இருவரையும் அளந்து பிரசுரித்தார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறைச் சுட்டி இருவருக்கும் ஒரே அளவு, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். அதே எடையில் தெற்காசிய உடம்பு கொழுப்பைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது, அதிலும் வயிற்றைச் சுற்றி. ஈரலையும் குடலையும் சூழ்ந்திருக்கும் அந்தக் கொழுப்புத்தான் ஸ்டோரை மந்தமாக்குவதில் முன்னுக்கு நிற்பது. அதனால்தான் ஆசியர்களுக்கு உடல்நிறைச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீட்டர், பெண்களுக்கு 80.

வயதை வைத்துப் போடுவது மூன்றாவது கணக்கு. நம் தோட்டங்களில் பிள்ளைகள் இந்த நோயை எங்கே பார்க்கிறார்கள்? கால் விரல் எடுத்த தாத்தாவிடம், கண் மங்கிய அம்மாயியிடம், கிளினிக் கொப்பியோடு விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே மனம் கணக்குப் போடும்? ஆனால் அவர்கள் பார்த்தது நோயின் கடைசிப் பக்கம். முதல் பக்கம் இருபது வருஷத்துக்கு முன்னமே எழுதப்பட்டிருக்கலாம். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இலவசமாகப் பரிசோதிக்கின்றன, நல்ல சேவை. ஆனால் அவற்றின் அழைப்பு முக்கியமாக 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 22 வயதுப் பிள்ளை அதை "எனக்கில்லை" என்றுதான் வாசிக்கும்.

நாட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அந்த ஆய்வு வரும்வரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். நகரங்களில் 16.4 வீதம், கிராமங்களில் 8.7. 2018–19இல் வேறொரு குழு நடத்திய தேசிய ஆய்வில் வயது வந்தோரில் 23 வீதம் என்று வந்தது. ஆய்வு முறைகள் ஒன்றல்ல என்றாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள அந்த ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசத்தைத்தான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தோட்டத்து லயன் வீட்டிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு வரும் பிள்ளை ஒரு வாழ்க்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாறி வந்திருக்கிறது.

இதில் நம் மலையகத்துக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என் அம்மா 18 கிலோ, 20 கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார்! வேலை செய்யும் தசைக்கு ஒரு விசேஷம் உண்டு: அது இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குப் பின்பக்கம் இன்னொரு கதவு திறந்த மாதிரி. மூன்று நேரமும் கோதுமை மா ரொட்டி தின்றாலும் அந்தக் கதவு அவரைக் காத்தது. வேலை நின்றது, கதவு மூடியது, ரொட்டி மட்டும் மாறவில்லை. பிள்ளைகளோ அந்த ரொட்டியையும் "மலையேறுற ஒடம்பு" என்ற நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், மலையேற்றம் மட்டும் இல்லை. காலையிலிருந்து கதிரை, பின்னேரம் ஃபோன், பரீட்சைக் காலத்தில் இரவு முழுக்கக் கதிரை. அம்மாவின் காலை வைத்துப் பிள்ளை தன் கணக்கைப் போடுகிறது.

அதற்கும் முந்திய ஒரு கணக்கு இருக்கிறது: பிறந்த எடை. தாயின் வயிற்றில் போஷாக்குப் போதாமல் வளரும் சிசு, கிடைப்பதை முதலில் மூளைக்குக் கொடுத்துவிட்டு, கணையத்திலும் தசையிலும் சிக்கனம் பிடிக்கிறது என்று ஹேல்ஸ், பாக்கர் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1992இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஸ்டோரையே சிறிதாகக் கட்டிவிட்ட மாதிரி. பிற்காலத்தில் சாப்பாடு கூடி, நடமாட்டம் குறைந்தால் அந்தச் சிறிய ஸ்டோர் திணறும். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு கூட வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இலங்கையில் தோட்டத்துறையிலேயே அதிகம். காரணம் நம் தாய்மார்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எத்தனை மாதம் வரை மலைக்குப் போனார்கள் என்பதில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். பிள்ளை செய்த எந்தப் பிழைக்கும் முன்னால் எழுதப்பட்ட கணக்கு இது.

அன்று வகுப்பில், இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போகிறவர்கள் அம்மாவிடம் குழந்தைக் கிளினிக் அட்டையைக் கேட்டு, முதல் பக்கத்திலுள்ள பிறப்பு எடையைப் பாருங்கள் என்றேன். என்னுடையது அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் தேசிய அடையாள அட்டைப் பிரதிகளோடு இருந்தது: 2.2 கிலோ.

அடுத்த கிழமை தையல் டேப் ஒன்றைக் கொண்டுபோனேன். மனக்கணக்கை விட்டுவிட்டு எழுத்துக்கணக்குப் போடலாம் என்று. சென்னையில் மருத்துவர் மோகனின் குழு 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை இதற்கு வசதியானது. இரத்தம் வேண்டாம், நாலு விஷயம் போதும்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு இருக்கிறதா என்பது. மொத்தம் 100. 30க்குக் கீழே குறைந்த அபாயம், 30 முதல் 50 வரை நடுத்தரம், 60 அல்லது அதற்கு மேல் உயர்ந்த அபாயம்.

இடுப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும். காற்சட்டைப் பட்டி கட்டும் இடம் சரிவராது, அது தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். பதுளைத் தம்பிக்கு அவருடைய நண்பர் அளந்தார். 93. "இன்னொருக்கா பாரு மச்சான், வயித்த எக்காம நின்னேன்." எக்காமல்தான் நிற்க வேண்டும் என்றேன். மறுபடியும் 93.

அவருடைய கணக்கு இப்படி வந்தது. வயது 35க்குக் கீழே, 0. இடுப்பு 90க்கும் 99க்கும் இடையில், 10. அப்பாவுக்கு நீரிழிவு இருக்கிறது, 10. உடற்பயிற்சியும் இல்லை, இருந்தபடி வேலை, 30. மொத்தம் 50.

கடைசி வாங்குப் பிள்ளைக்கு மாணவி ஒருத்தி அளந்தாள். 72 சென்ரிமீட்டர், 0. வயதுக்கு 0. அம்மா, அப்பா இருவருக்கும் இருக்கிறது, 20. உடலுழைப்பு இல்லை, 30. மொத்தம் 50.

ஒருவர் தனக்கு வரவே வராது என்றிருந்தார். மற்றவள் வந்தே தீரும் என்றிருந்தாள். கடதாசியில் இரண்டு பேருக்கும் ஒரே எண்.

தம்பி நடுத்தரம்தானே என்று ஆறுதலடையப் பார்த்தார். நான் வயது வரிசையைக் காட்டினேன். 35 வயதானதும் அந்தக் கட்டத்தில் 20 தானாக ஏறும். வேறு எதுவும் மாறாமல் இருந்தால் அவர் அன்றைக்கு 70, உயர்ந்த அபாயம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்த முப்பதையும் பத்தையும் குறைச்சா?" என்று கேட்டார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயதும் பெற்றோரும் நம் கையில் இல்லை. அவருடைய 50இல் 40 அவர் கையில் இருக்கிறது. இந்த மதிப்பெண்ணால் நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, பிறப்பு எடையை அது கேட்பதுமில்லை. யார் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் அது.

பொகவந்தலாவைப் பிள்ளையின் பிழை வேறு விதமானது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவளுக்குத் தன் அபாயம் தெரியும், பயமும் இருந்தது. ஆனால் வகுப்பு முடிந்து அவள் என்னிடம் சொன்னது: "எப்பிடியும் வரத்தானே போகுது மிஸ், செக் பண்ணி என்னா செய்ய?"

இந்தக் கேள்விக்கு 1950களிலேயே ஒரு பதில் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வாகனங்களைத் தெருவுக்கே அனுப்பியும் எதிர்பார்த்த அளவுக்குச் சனம் வரவில்லை. கொட்ஃப்ரி ஹொக்பாம் என்ற உளவியலாளர் ஏனென்று விசாரித்தார். எனக்கும் வரலாம், முன்கூட்டியே கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்ற இரண்டு நம்பிக்கையும் இருந்தவர்களில் 82 வீதமானோர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டும் இல்லாதவர்களில் 21 வீதம்தான். சுகாதார நம்பிக்கை மாதிரி (Health Belief Model) என்று இன்று பாடப்புத்தகங்களில் வருவது இந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான். தம்பியிடம் முதலாவது நம்பிக்கை இல்லை. அவளிடம் இரண்டாவது இல்லை. "கவனம், உனக்கும் வரும்" என்ற பிரசாரம் தம்பிக்கு உதவலாம்; அவளை இன்னும் ஆழத்தில்தான் தள்ளும்.

அவளுக்கு நான் சொன்னது எண்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்புச் சுமார் 40 வீதம், இருவருக்கும் இருந்தால் சுமார் 70 என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரிய எண்தான், ஆனால் 100 இல்லை. ஏற்கெனவே நீரிழிவுக்கு முந்திய நிலைக்கு வந்துவிட்டவர்களை வைத்துப் பின்லாந்தில் 2001இலும் அமெரிக்காவில் 2002இலும் வெளிவந்த ஆய்வுகளில், சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றிய குழுவில் நோய் வந்தது 58 வீதம் குறைந்தது. அமெரிக்க ஆய்வில் கேட்டது கிழமைக்கு 150 நிமிட வேக நடையும் உடல் எடையில் 7 வீதக் குறைப்பும். நம்மைப் போன்ற உடம்புள்ளவர்களிடம் இந்தியாவில் செய்து 2006இல் வெளிவந்ததில் குறைவு 28.5 வீதம். சிறிதுதான், ஆனால் மருந்தில்லாமல் கிடைத்தது. கிழமைக்கு 150 நிமிடம் என்றால் ஐந்து நாளைக்கு அரை மணித்தியாலம். இந்த வளாகத்தின் ஏற்றத்தில் அரை மணித்தியாலம் நடந்தவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட நடை என்று.

பரிசோதனைக்கு எப்படிப் போவது என்றும் கேட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 10 மணித்தியாலம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், சீனி போடாத பிளேன்டியும் வேண்டாம், காலையில் போய் எடு என்றேன்.

மூன்று கிழமை கழித்து என் அறை வாசலில் நின்றாள். கையில் பழைய குழந்தைக் கிளினிக் அட்டை, மடிப்பில் கிழிந்து ஒட்டியிருந்தது. முதல் பக்கத்தில் மருத்துவ மாதுவின் கையெழுத்தில் பிறப்பு எடை 2.1 கிலோ. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தடுப்பூசிக் கட்டங்களுக்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில், நீலப் பேனாவால், அவளுடைய கையெழுத்தில் அந்த வாரத்துத் திகதியும் பக்கத்தில் 91 என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் நாலைந்து கோடுகளை வெறுமையாக இழுத்து வைத்திருந்தாள்.